காற்றுக்கு வழி, ரயிலுக்கு மடக்கு

வெள்ளறடை மலைச்சரிவில் லாரி ஏறாத இடத்துக்குச் செங்கல்லைத் தலைச்சுமையாக ஏற்றி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை, அதாவது புகைப்புரை, கட்டினேன். பாறை கண்டு மற்றவர்கள் கைவிட்ட கிணற்றைத் தோண்டித் தண்ணீர் காட்டினேன். பெருங்கடவிளையில் சிமெண்ட் கட்டை வார்க்கும் களம் போட்டேன். முதல் மழையில் பாதி கரைந்தது, மறுபடியும் போட்டேன். பாறசாலைக்கு இந்தப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்த நிலத்தில் பாம்புகூடக் குடியிருக்காது என்றார்கள். அங்கே மாடி வீடு எழுப்பினேன். இத்தனையும் மலையாளப் பள்ளியில் நாலாம் வகுப்போடு இறங்கியவன் செய்தது. தமிழ் எழுத்தை எல்லை தாண்டிக் களியக்காவிளையில் பஸ் போர்டு பார்த்துப் படித்தேன். இதில் பிழை இருந்தால் போர்டு எழுதியவனைக் கேளுங்கள்.

ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது ஒரு மரப்பெட்டி. பார்த்தால் கோழிக்கூடு என்பீர்கள். அது இல்லாவிட்டால் என் மனைவி இன்று இந்த வீட்டில் இல்லை.

அவளுக்கு இளைப்பு உண்டு. ஜன்னல் அடைத்தால் மூச்சு முட்டும். ஒற்றைத் தண்டவாளமாக இருந்த காலத்தில் எல்லாவற்றையும் திறந்து போட்டிருப்போம். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சண்டையும் அப்படித்தான். இரண்டாவது பாதை வந்ததும், இங்கே ஒன்று போனால் எதிரே ஒன்று வந்தது. அவள் உறக்கம் போயிற்று. திறந்தால் ரயில், அடைத்தால் இளைப்பு.

வெள்ளறடையில் கட்டிக்கொடுத்த மகள் போனில் சொல்லிவிட்டாள். "அம்மைய நான் கூட்டிட்டுப் போறேன். இங்க ரப்பர் இலை விழுந்தாத்தான் சத்தம். அப்பா வேணுமுன்னா அங்கயே ரயிலுக்குக் கொடி காட்டிக்கிட்டு இருக்கட்டு."

மனைவி போனை வாங்கி, எப்போது வருவாய் என்று கேட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விட்டுவிடுகிற ஆளா நான்? நல்ல கனத்த ரப்பர் ஷீட்டாகப் பார்த்து எடுத்துவந்து ரயில் பக்கத்து ஜன்னல் கதவுகளில் அறைந்தேன். ஜன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த துளைகளையும் விடவில்லை. முக்கால்வாசிச் சத்தம் நின்றது. அந்த முக்கால்வாசியை ஒருத்தரும் சொல்வதில்லை. மழை பிடித்து வீடு புழுங்கியதும் ஷீட்டிலிருந்து நாற்றம் கிளம்பியது. சுவர் வியர்த்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் என்ன ஷீட்டா, புகைப்புரையில போட்டு உணக்கதுக்கு?"

"சத்தம் இல்லேல்லா?"

"ஆளு செத்தாலும் சத்தம் இருக்காதாக்கும்."

ஷீட்டைப் பிடுங்கினேன். அவள் துணியை அடுக்கத் தொடங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஆட்டோவோடு வருவதாக ஏற்பாடாயிற்று.

இடையில் ஒரு மத்தியானம், சோறு உண்ணக் கூப்பிட்டால் ஆள் இல்லை. தேடிப்போனேன். அடுக்களைக்குப் பின்னால் விறகுப்புரையில் பாய் விரித்து உறங்குகிறாள்! வீட்டைவிடத் தண்டவாளத்துக்கு நெருங்கிய புரை அது, ரயில் பக்கம் சுவரே கிடையாது. தேங்காய் உரித்த மட்டையை, எங்கள் பேச்சில் தொண்டு, முன்னும் பின்னுமாக இரண்டு குவியலாக ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தோம். நான் நிற்கும்போதே ஒரு சரக்கு வண்டி போயிற்று. அவள் புரளவில்லை. குவியல்களுக்கு இடையே வளைந்து காற்று சிலுசிலுவென்று வந்தது.

எழுந்ததும் சொன்னாள்: "ரயிலு தொண்டுக்கு அந்தப் பக்கமே நின்னுருது. காத்து மட்டும் நுழைஞ்சு வருது. கொஞ்ச நாளா இங்கதான் உறங்குதேன். நீங்க கண்டா இதையும் அடைப்பியளேன்னு சொல்லல்ல."

அந்த வளைவை நான் பிடித்துக்கொண்டேன். ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையில் நீளப் பெட்டி செய்யச் சொன்னேன். உள்ளே குறுக்குத் தட்டுகள். ஒன்றுக்கு மேலே இடைவெளி, அடுத்ததற்குக் கீழே. உட்புறமெல்லாம் தொண்டு நார், அது உதிராமல் கொசுவலை. ஆசாரிக்குச் சிரிப்பு.

"அண்ணா, காத்து இதுக்குள்ள ஒளிச்சு விளையாடுமா?"

"காத்துக்குக் கால்முட்டு மடங்கும், ரயிலுக்கு மடங்காது. நீரு ஆணிய அடியும்."

ஜன்னலுக்கு விளிம்பு இறுகக் கண்ணாடி போட்டு அடைத்து, மேலே துளைகளில் பெட்டியைப் பொருத்தினோம். வந்த காற்று போக வேண்டுமே, எதிர்ச்சுவர்த் துளைகளைத் திறந்தே விட்டோம். அவள் சேலையில் ஒரு நூலை உருவிப் பெட்டி வாயில் பிடித்தாள். நூல் அசையவில்லை. தட்டுகள் நெருங்கிவிட்டன. பிரித்து, இடைவெளியைக் கூட்டி மறுபடி அடித்தோம். இந்தத் தடவை நூல் அவள் முகத்துப் பக்கம் சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். காப்பி குடிக்கும்போது ரயில் போயிற்று. மகள் பழைய பழக்கத்தில் பேச்சை நிறுத்தினாள். அவள் அம்மா நிறுத்தவில்லை.

"என்னட்டி, வாய் அடைஞ்சு போச்சா? சொல்லு."

"அம்ம, ஆட்டோ வெளியில நிக்குது."

"நிக்கட்டு. ஒரு குலை பழமும் மரச்சீனிக் கிழங்கும் ஏத்திட்டுப் போ. நான் பொறவு வாறேன்."

நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இப்போது பாதையோரத்து வீடுகள் சிலவற்றில் அந்தப் பெட்டி உண்டு. அதியன்னூரிலிருந்துகூட ஒருவர் வந்து அளவெடுத்துப் போனார். அவளை மாமி என்று கூப்பிடும் ஊர்க்காரர்கள் எல்லோரும் அதை 'மாமிப்பெட்டி' என்கிறார்கள். வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் கதையில் விறகுப்புரை உண்டு, தொண்டு உண்டு, நூல் உண்டு. ஷீட் அறைந்து வீட்டை நாறடித்த இடத்தில் மட்டும் நான் உண்டு. கேட்டால், "நீங்க நாறடிச்சதுனாலதானே நான் அங்க போய்ப் படுத்தேன்? அதைச் சொல்லுகேன்லா, பின்ன என்ன?" என்கிறாள்.

தொண்டுக் குவியலைக் கண்டுபிடித்தது அவள், ஒப்புக்கொள்கிறேன். குவியலிலிருந்து வளைவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தது என் தலை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அந்தப் பெட்டி வைத்தால் மாமிப்பெட்டி என்றே கூப்பிடுங்கள். கூடவே, மடக்கு வைத்தது மாமா என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவள் காதில் விழ வேண்டும்.