கனகவல்லி தட்டச்சு செய்த பதில்

கனகவல்லி புனேயில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மராத்தித் தட்டச்சராக வேலை பார்த்தாள். எந்த இலாகா என்பது வேண்டாம். ஆஸ்பத்திரிகளைக் கவனிக்கிற இலாகா என்றால் போதும். அப்பா வட ஆற்காட்டிலிருந்து கிளம்பி வந்தவர், பெண்ணை முனிசிபல் மராத்திப் பள்ளியில் சேர்த்துவிட்டார். அதனால் அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மராத்தி மட்டும் விரல் நுனியில் நின்றது.

சட்டசபை கூடிவிட்டால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் லீவு கிடையாது. ஆம்தார்கள், அதாவது எம்.எல்.ஏ.க்கள், ஊர் எல்லையில் சரக்குக்கு வாங்கும் ஜகாத் வரி, விதவை உதவித்தொகை, குடிதண்ணீர், டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி என்று கேள்விகளாக அனுப்பித் தள்ளுவார்கள். எல்லாக் கேள்வியும் ஒரே அச்சில் வார்த்ததுதான். இன்னது நடந்தது உண்மையா? உண்மையென்றால் விசாரித்தீர்களா? விசாரித்தால் என்ன நடவடிக்கை? இல்லையென்றால் தாமதத்துக்குக் காரணம் என்ன? முதலாவதற்கு ‘உண்மையல்ல’ என்று எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே படுத்துவிடும். ‘கேள்வி எழவில்லை’ என்று ஒரே வரி போதும்.

பதில் எழுதுவதில் அவளுடைய மேலதிகாரி நிம்கர் சாஹேப் பெரிய கில்லாடி. கேள்வியில் பதினோரு கட்டில் என்று இருந்து, உள்ளபடி பன்னிரண்டு கட்டில் இருந்தால், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே “உண்மையல்ல” என்பார். பொய் சொன்னதாக யாரும் அவரைப் பிடிக்க முடியாது. கனகவல்லி தட்டுவாள். தட்டி முடித்ததும் தாளின் இடது கீழ் மூலையில், அலுவலக வழக்கப்படி, தட்டச்சரின் முதலெழுத்துகளைப் போடுவாள். அந்த ஊரில் பெண்பிள்ளை பெயரோடு புருஷன் பெயரையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். கனகவல்லி சந்திரமௌலி என்பதால் அவளுடைய எழுத்து ‘க.ச.’

சந்திரமௌலி ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். 1996 பிப்ரவரி பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, விஷ்ராந்த்வாடி வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கனகவல்லி பக்கத்து வீட்டுக்கு ஓடி, அருகிலிருந்த சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள். ஆம்புலன்ஸ் வண்டி இருக்கிறது, டிரைவர் இல்லை, ரிட்டையராகி ஒன்பது மாதம் ஆகிறது என்றார்கள். ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பண்ட் கார்டன் பாலத்தின் மேல் அவர் தலை அவள் தோளில் கனத்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஆட்டோவுக்குள்ளேயே குனிந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். எந்த ரெஜிஸ்டரிலும் பெயர் ஏறவில்லை. பிறகு தெரு டாக்டர் மாரடைப்பு என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாம் நாள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஆபீசில் கேட்டவர்களிடம் மாரடைப்பு என்று சொன்னாள். வண்டி வராத கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், ஒன்பது வயது மகள் கிருஷ்ணப்ரியாவுக்குத் தலை பின்னிவிட்டாள். எல்லாம் கை செய்தது, அவள் எங்கேயோ இருந்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து ஒரு முழு நீளத் தாளில் நாலு உட்பிரிவோடு ஒரு கேள்வி எழுதினாள். எத்தனை கேள்வி சாவதைப் பார்த்தவள்! தேதி, மாதம், வண்டி எண் எதிலும் நிம்கர் சாஹேப் கை வைக்க இடம் விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஜெகதீசனிடம் போனாள். அவர் ஆம்தார் ஆபீசில் தமிழ்க்காரர்களுடைய மனுக்களைப் பார்த்துக்கொள்கிறவர்.

“எல்லாம் பக்காவாக் கீதும்மா. பேரு எங்க?” என்றார் ஜெகதீசன்.

“பேரு வேணாண்ணே. ஒரு தொழிலாளின்னு போட்டாப் போதும்.”

“உன் புருசன் பேரே இல்லாம உன் புருசனைப் பத்தி இன்னாத்தக் கேக்கறது?”

“பேரு போட்டா நான்தான் குடுத்தேன்னு தெரிஞ்சிடும். சர்க்கார் வேலைல கீறவங்க ஆம்தாராண்ட போவக்கூடாதுன்னு ரூல். மெமோ குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இருக்கறது என் ஒரு சம்பளந்தாண்ணே.”

“கிடைச்சா நஷ்டஈடு கிஷ்டஈடு வேணுமா?”

“ஒண்ணும் வேணாம். ‘ஆமா, அது உண்மைதான்’னு சர்க்கார் எழுதணும். அவ்ளோதான்.”

உண்மையிலேயே அவ்வளவுதான். அந்த ஒரு ‘ஆம்’ தாளில் ஏறிவிட்டால் தனக்கு அழுகை வந்துவிடும் என்று ஏனோ அவள் நம்பியிருந்தாள்.

டிசம்பரில், குளிர்காலத்து வழக்கப்படி, நாக்பூரில் சபை கூடியது. ஒரு மத்தியானம் ஃபேக்ஸ் மெஷினிலிருந்து தாள் சுருண்டு விழுந்தது. நிம்கர் சாஹேப் அதை விரித்து உரக்கப் படித்தார். கனகவல்லி தன் வீட்டில் எழுதிய வார்த்தைகள், ஒரு புள்ளி மாறாமல், இன்னொருவர் குரலில் வந்தன. அவள் கார்பன் தாளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரோ தொழில் தெரிஞ்ச ஆளு எழுதியிருக்கான்” என்றார் சாஹேப் மராத்தியில். சின்ன ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, ஃபேக்ஸில் வந்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “டிரைவர் விஷயத்துல தப்பிக்க முடியாது. சம்பளப் பட்டியலே காட்டிக் கொடுத்துடும். ஆனா ரெண்டாவது உட்பிரிவு... வண்டி இல்லாததால ஒரு தொழிலாளி வழியிலேயே செத்தானாம். பேரு இல்ல. அன்னிக்கு எந்த ரெஜிஸ்டர்லயும் அப்படி ஒரு ஆளும் இல்ல.”

தேதியில் அவர் விரல் நின்றது. சந்திரமௌலியின் காரியத்துக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்துவிட்டுப் போனவர் அவர்.

“கனகாபாய், நீங்க விஷ்ராந்த்வாடிதானே?”

“ஆமா சாஹேப்.”

“அந்தப் பக்கம் இப்படி யாராவது செத்ததா உங்களுக்குத் தெரியுமா?” கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார். “பேரு கிடைச்சா ஆம்னு எழுதிடலாம். ஆனா யார் சொன்னாங்கன்னும் ஃபைல்ல எழுதணும். அதையும் யோசிச்சுக்குங்க.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. பாவம், அவரும் கெட்ட மனிதர் இல்லை. தன்னால் ஆன மட்டும் கதவைத் திறந்துதான் வைத்தார். கனகவல்லி மெஷினில் தாளைச் செருகி ஓரத்தைச் சரிபார்த்தாள். மகளுக்கு மறுநாள் பள்ளியில் படம் வரையப் பென்சில் டப்பா வாங்க வேண்டும் என்பதுதான் அப்போது மனசில் ஓடியது.

“தெரியாது சாஹேப்” என்றாள்.

மேலே கேள்வி, கீழே பதில் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒன்று: ஓரளவு உண்மை, பணியிடம் விரைவில் நிரப்பப்படும். இரண்டு: இது உண்மையல்ல. மூன்று, நான்கு: கேள்வி எழவில்லை. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. மூலையில் முதலெழுத்துகளைப் போட்டு, மூன்று பிரதியையும் பிரித்துக் கொடுத்தாள். நாலாவதாக ஒரு கார்பன் வைத்திருந்தாள். இருபது வருட வேலையில் ஆபீஸ் தாள் ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது அன்றைக்கு மட்டும்தான்.

மார்ச் மாதம் ஆம்புலன்ஸுக்கு டிரைவர் வந்தான். சனங்கள் ஆம்தாருக்கு மாலை போட்டார்கள். ஜெகதீசன் பேடா டப்பாவோடு வீட்டுக்கே வந்து, “எல்லாம் உன் கேள்விம்மா, நாலு பேரு பொழைப்பாங்க” என்றார். “நல்லதுண்ணே” என்று ஒரு பேடாவை எடுத்துத் தின்றாள். வண்டி தெருவில் சைரன் போட்டுக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் கை செய்கிற வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

2004-ல் வீடு மாற்றினார்கள். பரணைக் காலி செய்த கிருஷ்ணப்ரியாவின் கையில் அந்தக் கார்பன் தாள் கிடைத்தது. பதினேழு வயது, தமிழ் படிக்க வராது, மராத்தி தண்ணீர்பட்ட பாடு. நின்றபடியே படித்து முடித்தாள்.

“மா, யே மஜ்தூர் கோன் ஹை? யாரு இந்தத் தொழிலாளி, செத்துப் போன ஆளு?”

“அப்பா” என்றாள் கனகவல்லி, பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

பெண் மறுபடி தாளைப் பார்த்தாள். “இது உண்மையல்லன்னு இருக்கு.”

“ம்.”

“நீ சொல்லலியா, அப்பான்னு?”

“கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன்.”

“பேருகூட எங்கயும் இல்லையே மா.”

கனகவல்லி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தாளின் இடது கீழ் மூலையில் விரலை வைத்தாள். கார்பன் மங்கியிருந்தது, ஆனாலும் எழுத்து தெரிந்தது. “க, நான். ச, அப்பா” என்றாள். சொல்லும்போதுதான் அவளுக்கே அது புரிந்தது. அவர் சாகவில்லை என்று எழுதிய தாளுக்கு அவருடைய எழுத்தையும் சேர்த்து அல்லவா சாட்சி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். மகள்தான் அழுதாள்.