காருக்குப் போட்ட ட்ரிப் ஸ்விட்ச்

கார் வாங்கியபோது எல்லாரும் பேட்டரியைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், பசறை ஏற்றத்தில் இழுக்குமா, பேட்டரி செத்தால் என்ன செய்வாய். எங்கே சார்ஜ் போடுவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

நான் ஹயர் ஓடுகிறவன். தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதுதான் முக்கால்வாசி ஓட்டம். பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்று வெறுத்துப்போய், ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு சின்ன மின்சாரக் காரை வாங்கினேன். காரோடு சார்ஜ் வயரும் வந்தது. விற்றவன், "குசினி பிளக்குல மாட்டுங்க, காலையில ஃபுல்லா இருக்கும்" என்றான். குசினி ஜன்னல் வழியாக நீள வயர் இழுத்து மாட்டினேன். வெயில் நாளில் சார்ஜ் ஏறியது. மழை பெய்தால் மெயின் போர்டில் 'டக்' என்று ட்ரிப் விழுந்தது.

ட்ரிப் ஸ்விட்ச் என்பது, கரண்ட் போகக் கூடாத வழியில் போனால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற சாமான். ஆளின் உடம்பு வழியாகப் போனாலும் விழும். அந்த 'டக்' கேட்டால் என் மனைவிக்கு எரிச்சல். எனக்கு நிம்மதி. விழாவிட்டால்தான் எனக்குப் பயம்.

மழையில் நனைந்து நிற்கும் காரைப் பார்த்தால் நாங்கள் முன்பு இருந்த லயத்துக் கூரைத் தகரம்தான் கண்ணில் நிற்கும். வயர் மாட்டியிருக்கும்போது கதவைப் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். புறங்கை என்றால் அடித்தாலும் கை உதறிக்கொள்ளும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும், விடாது. அம்மா உள்ளங்கையால் பிடித்தார்.

மழை விடாத ஒரு வாரத்தில் லுணுகலையிலிருந்து ஒரு வயரிங்காரரைக் கூப்பிட்டேன். போர்டைத் திறந்து பார்த்தார்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. தனி லைன் இழுத்து, செவத்துல ஒரு பெட்டி, அதுக்குன்னு ஒரு ட்ரிப்பு, புதுசா ஒரு எர்த் குழி. அது பெரிய வேலை. இல்லாட்டி ட்ரிப்புக்கு முன்னாலயே வயர எடுத்துக் காருக்கு டைரக்டா குடுத்துடுறேன். அரை மணி நேரம். நாலு பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன், ஒருத்தரும் இன்னும் சாகல."

சிரித்தார். நான், "வெளிய போய்யா" என்று கத்தினேன். எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பின்பக்கம் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "என்னத்துக்குடா அந்த மனுசன இப்படி ஏசுற? அவரு ஒன்னய என்ன செஞ்சாரு?"

அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் சொன்னதை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு செய்தவன் நான்.

அப்போது நாங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் இருந்தோம். காம்பராவுக்கு ஒரு குடும்பம், பத்துக் காம்பராவுக்கும் ஒரே மீட்டர். முதல் காம்பராவிலிருந்து கடைசிவரை தகரத்துக்கு மேலேயே வயர் ஓடும். எலி கடிக்கும், மழை ஒழுகும். தோட்டத்து ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒருத்தன் வந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு லயத்திலும் கொஞ்சம் கரண்ட் வேலை தெரிந்தவன் ஒருவன் இருப்பான். எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் லயத்தில் அது நான். பண்டாரவளையில் ஒரு வயரிங்காரரிடம் ஆறு மாதம் ஏணி பிடித்திருந்தேன். அந்தப் படிப்புதான்.

மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் லயத்திலிருந்துதான் கோயிலுக்கு வயர் இழுத்தோம். மழை. நிமிஷத்துக்கு ஒரு தடவை ட்ரிப் விழுந்தது. "தம்பி, சாமி இருட்டுல நிக்குது. நீ என்ன கரண்டுக்காரன்?" என்று நக்கல் செய்தார்கள். எனக்கு ரோஷம். இரண்டு துண்டு வயரை எடுத்து ட்ரிப்பின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் இணைத்துவிட்டேன். இனி அது விழுந்தாலும் லைன் அறாது. அதன்பிறகு விளக்கு அணையவே இல்லை. பூசாரி முதல் விபூதியை எனக்குப் பூசினார்.

திருவிழா முடிந்தது. நான் அதைக் கழற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ட்ரிப் விழுந்துவிட்டது என்று யாரும் நேரங்கெட்ட நேரத்தில் கதவைத் தட்டவில்லை, அது எனக்குச் சுகமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் அம்மா ஈரச் சேலையைக் காயப்போட்டார். துணிக் கம்பியைக் கட்டியது அப்பா. ஒரு முனை கொய்யா மரத்தில், மறு முனை கூரைத் தகரத்து ஆணியில். எல்லா லயத்திலும் அப்படித்தான் கட்டுவார்கள். அம்மா கத்தவே இல்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் கத்தினார்.

நான் அம்மாவிடம் ஓடவில்லை. மீட்டர்ப் பெட்டிக்கு ஓடினேன். கரண்டை நிறுத்த ஓடினேன் என்று எல்லாரும் மெச்சினார்கள். நிறுத்தத்தான் ஓடினேன். நிறுத்திய கையோடு அந்த இரண்டு துண்டு வயரையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது ட்ரிப் அதன் இடத்தில் ஒழுங்காக விழுந்து கிடந்தது. கூரையைப் பார்த்தார்கள். எலி கடித்துத் தகரத்தில் பட்டுக்கிடந்த வயரைப் பார்த்தார்கள். கேட்டது ஒன்றுதான்: "கம்பிய தகரத்துல கட்டினது யாரு?"

அப்பா கையைத் தூக்கினார். "நான்தாங்க ஐயா."

அதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அப்பா துணிக் கம்பியைத் தொட்டதில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகும் துவைத்த சாரத்தை வேலிச் செடிமேல்தான் விரிப்பார். நாங்கள் கட்டியிருப்பது நைலோன் கயிறு. அதைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். என் மனைவி, "மாமா, அதுல கரண்டு வராது" என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டாள்.

வயரிங்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். தனி லைனே போடச் சொன்னேன். சாமான் வாங்கப் பதுளைக்குப் போனேன். கடைக்கார நானாவிடம் இருந்ததிலேயே பெரிய பெட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"அது வேணாம் மகன். அது முப்பத்திரண்டு ஆம்பியர் கேக்கும். ஒங்கட வீட்டுக்கு வாரதே முப்பது. காருக்குச் சாப்பாடு போட்டுட்டு நீங்க பட்டினி கெடப்பீங்களா?" என்றார். பதினாறு ஆம்பியர் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "மெதுவா ஏறும். ஏறட்டுமே. ஆனா ட்ரிப்பு மட்டும் இதையே எடுங்க. காருக்கு வேற சாதி ட்ரிப்பு ஈக்கு, பழசு சரிவராது."

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை அப்பாதான் வெட்டினார். ஆள் பிடிக்கிறேன் என்றேன். "தோட்டத்துல முப்பது வருசம் தண்ணிக் கான் வெட்டுனவன்டா நான்" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். எங்கள் மண்ணில் இரண்டடிக்குக் கீழே கல். இரும்பு அலவாங்கால் குத்திக் குத்தி இரண்டு நாள் வெட்டினார். கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம்.

மூன்றாம் நாள் மதியம் எல்லாம் மாட்டி முடிந்தது. காரில் சார்ஜ் ஏறத் தொடங்கியது. வயரிங்காரர் புது ட்ரிப்பில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கிக் காட்டினார். 'டக்' என்று விழுந்தது.

"அது எதுக்கு?" என்றார் அப்பா.

"டெஸ்ட் பண்ணத்தாங்க ஐயா. மாசத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பாக்கணும். ஆளுக்கு கரண்டு அடிச்சா இது கண்ண மூடித் தெறக்க முந்தி விழுந்துரும்."

"எங்க லயத்துலயும் ஒண்ணு இருந்துச்சே. இருந்தும் ஒரு ஆளு செத்துச்சே."

"இருந்துச்சுன்னா ஆளு சாகாதுங்க ஐயா" என்றார் வயரிங்காரர். அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா என்னைப் பார்த்தார். பழைய ட்ரிப்பு, வேலை செய்யவில்லை என்று ஒரு பொய்யை இத்தனை வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். நல்ல பொய். யாரும் நம்புவார்கள். கையில் மண் ஒட்டி நின்ற மனுஷனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அத நான் டைரக்ட் பண்ணி வச்சிருந்தேன்பா."

"எப்ப?"

"திருவிழாவுக்கு."

"எப்பக் கழட்டுன?" என்றார்.

"அம்மா கீழ கெடக்கையில."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பைப்படியில் கழுவினார். கழுவி முடிந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முதுகைத் திருப்பாமல் கேட்டார்.

"அப்ப நான் கட்டுன கம்பி?"

"கம்பியில கரண்டு வந்துச்சுதான்பா. ட்ரிப்பு இருந்திருந்தா, அம்மா கைய ஒதறிட்டு வந்து என்னய ஏசியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

அவர் பைப்பை மூடினார். என்னை அடித்திருக்கலாம். ஏசியிருக்கலாம். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவருடைய சாரம் நைலோன் கயிற்றில் தொங்கியது. இரண்டு கிளிப் போட்டு, ஒழுங்காக இழுத்துவிட்டு. என் மனைவி ஓடிவந்து காட்டினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். காற்றில் அது ஆடியது.

அதிலிருந்து அவர் என் காரில் ஏறுவதில்லை. கிளினிக்குக்குப் பஸ்ஸில் போகிறார், நின்றுகொண்டே. வீட்டில் என் கையால் வைத்தால் சாப்பிடுகிறார், பேசுகிறார், ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானை அமுக்குவது அவர்தான். முதல் மாதம் நான் கையை நீட்டினேன். "தள்ளி நில்லு" என்றார். இப்போது அவர் சொல்ல வேண்டியதில்லை. நானே காருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன். அவர் அமுக்குகிறார். 'டக்' என்று விழுகிறது. விழுந்ததை விரலால் தடவிப் பார்த்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஏதாவது துண்டு வயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு, பிறகுதான் தூக்கிவிடுகிறார்.