வேலிக்கு வெளியே நின்று சொன்ன அளவு

புல்வெளியில் கால் வைக்காமலே, அங்கே போதிய புல் இருக்கிறது என்று ஒருவருக்குச் சொன்னேன். அவர் என்னை நம்பி மாடுகளை அதில் விட்டார். அந்தக் கோடையில் அவருக்கு வந்த நட்டத்துக்கு நான்தான் காரணம்.

அவர் லண்டன் நோர்பரியில் இறைச்சிக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கடையை மகளிடம் விட்டுவிட்டு, லண்டனின் தெற்கு விளிம்பில் காணி குத்தகைக்கு எடுத்து, இறைச்சிக்கு மாடு வளர்க்கத் தொடங்கியிருந்தார். நான் மேய்ச்சல் புல்லைப் பற்றிப் படித்து, அதே துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன்.

"அண்ணை, மாடு எனக்குத் தெரியும். புல்லை நீங்கள் பாருங்கோ" என்றார். சம்மதித்தேன். ஆனால் சைவக் கோயில் நண்பர்களிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வேலை எளிதுதான். வாரம் ஒருமுறை காணியின் எல்லாத் துண்டுகளிலும் நடந்து புல்லின் உயரத்தை அளக்கவேண்டும். கணுக்கால் அளவு வளர்ந்ததும் மாடுகளை விடலாம். மூன்று விரல் உயரத்துக்கு மேய்ந்ததும் வேறு துண்டுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்குக் கீழே கடிக்கவிட்டால் புல் மீண்டும் தழைக்க வெகுநாளாகும். பிறகு தீனியை விலைக்கு வாங்கவேண்டும். இலாபம் அதிலேயே போய்விடும்.

அன்று கோயிலில் தேர். குளித்து, பட்டு வேட்டி கட்டி, போகிற வழியில் காணியோரம் காரை நிறுத்தினேன். சாணியை மிதிக்க மனம் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கதிர்விட்ட புல் முழங்காலுக்கு மேல் நின்றது. தொலைபேசியில் அழைத்து, "கீழ்த் துண்டில இன்னும் பத்து நாளுக்குக் காணும், மாட்டை விடும்" என்றேன்.

நான் பார்த்தது காய்ந்த தண்டு. அடியில் இலை இல்லை. மாடுகள் கத்தின, என் சொல்லை நம்பி அவர் பொறுத்திருந்தார். பத்தாம் நாள் அந்தத் துண்டு மொட்டையாகக் கிடந்தது. கோடையிலேயே வைக்கோல் வாங்கினார். பாதி மாடுகளை மெலிந்தபடியே விற்றார். "மழை இல்லாத வருஷம், என்ன செய்யிறது?" என்று நான் ஆறுதல் சொன்னேன். மழை குறைவுதான். ஆனால் நான் அளந்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

அடுத்த வசந்தத்தில் அவருடைய மனைவி என்னிடம், "இந்த முறையும் இப்பிடியெண்டா காணியை விடுவம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னட்டைச் சொல்லி என்ன? அந்த மனுசனிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். மாடுகளின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வேட்டியோடையோ நிண்டனீங்கள்?"

"ஓம்."

"நான் இவ்வளவு நாளும் மாட்டையெல்லோ ஏசிக்கொண்டு திரிஞ்சனான்!"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நெடுநேரம் தொட்டியைத் தேய்த்தார். பிறகு, "உங்களுக்குச் சப்பாத்து என்ன சைஸ்?" என்று கேட்டார்.

அவர் கொடுத்த ரப்பர் சப்பாத்தோடு அந்த ஆண்டு முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் நடந்தேன். மின்வேலிக் கம்பி இழுத்துத் துண்டுகளைச் சிறிதாகப் பிரித்தோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாடுகளை மாற்றினோம். கீழ்த் துண்டை அப்படியே ஓய விட்டோம். ஒவ்வொரு வாரமும் அவர், "இண்டைக்குத் திருவிழா ஒண்டும் இல்லையோ அண்ணை?" என்று குத்துவார். வாங்கிக்கொள்வேன்.

செவ்வாயில் எங்கே போகிறேன் என்று கோயிலில் ஒருவர் கேட்டார். இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளுக்குப் புல் அளக்கப் போகிறேன் என்றேன். அவர் என்னைச் சற்றுப் பார்த்துவிட்டு, "அங்கை சாணி எடுக்கேலுமோ? என்ரை கத்தரிக்குப் போட" என்றார். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்!

அந்தக் கோடையில் வைக்கோல் வாங்கவில்லை. மாடுகள் புல்லிலேயே எடை வைத்தன. மெலிந்த நிலையில் விற்றவை மட்டும் திரும்ப வரப்போவதில்லை; அது என்னோடு இருக்கும். இலையுதிர் காலத்தில் ஒரு மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார். குத்தகையை இன்னும் ஐந்து ஆண்டுக்கு எழுதிவிட்டாராம். மனைவியும் கூட வந்து கையெழுத்து வைத்தாராம்.

"நல்லது" என்றேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.