ஏழாவது பாட்டில் கருகிய ஈயம்

அன்று எனக்கு டெஸ்ட். வெள்ளைக்காரத் துரை முன்னால் ஒரு ரயில் சக்கரப் பேரிங்குக்கு ஈயம் ஊற்றிக் காட்டினால் முதல் கிரேடு பிட்டர். தவறினால் பழையபடி கூலிப் பட்டியல்தான்.

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் என்னைப்போல ஈயம் ஊற்றுகிறவன் அப்போது யாரும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. கடிகாரம் கிடையாது. ஈயம் உருகியதும் சிவன்மேல் ஒரு பழைய பதிகத்தைப் பாடத் தொடங்குவேன். பத்துப் பாட்டு முடியும்போது சூடு சரியாக இருக்கும். உடனே ஊற்றிவிட வேண்டும், தாமதித்தால் கருகிவிடும். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் பாடினேன், அர்த்தத்தை ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் சார்ஜ்மேன் மரியதாஸ் அண்ணன் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே, "எத்தனாவது பாட்டுடா?" என்று கேட்டுத்தான் வார்ப்பு அச்சை எடுத்து வைப்பார்.

அன்று காலை என் பெயரை எழுதும்போது ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்போம், "கூலிக்கு வந்தவனுக்கெல்லாம் முதல் கிரேடு கேக்குது" என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஈயம் உருகியது. ஏழாவது பாட்டுக்கு வந்தேன். ஈசன் கூலியாளாக மண் சுமந்து, முதுகில் பிரம்படி பட்டதைச் சொல்லும் பாட்டு. ஆயிரம் தடவை பாடியதுதான். அன்றுதான் அதன் அர்த்தம் காதில் விழுந்தது. சாமியே கூலி வேலை பார்த்திருக்கிறார், அடியும் வாங்கியிருக்கிறார். நான் எதற்குத் தலை குனிந்தேன்? அப்படியே நின்றுவிட்டேன்.

"டேய், பாட்டு ஏன் நின்னுபோச்சு?" என்றார் மரியதாஸ்.

ஈயத்தின்மேல் ஆடை தடித்துக் கிடந்தது. "கருகிருச்சுண்ணே."

அவர் என் காதோரம், "ஊத்திரு. பாக்க நல்லாத்தான் இருக்கும், தொரைக்குத் தெரியாது" என்றார்.

"ரயிலு ஓடுனா தெரியும்ணே. ஊத்தமாட்டேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிருங்க."

மரியதாஸ் இங்கிலீஷில் சொன்னார். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புது ஈயக்கட்டியைக் காட்டி, "சத்து காலி லாகி" என்றார், இன்னும் ஒரே ஒரு தடவை என்று மலாயில்.

உருக்கினேன். ஆனால் பாட வாய் வரவில்லை, மறுபடி ஏழாவதில் நின்றுவிடுவேன் என்று பயம். அப்போது பக்கத்தில் பாட்டுக் கேட்டது. மரியதாஸ்! ராகம் கண்டபடி போனாலும் பத்துப் பாட்டையும் ஒன்று விடாமல் பாடினார். பன்னிரண்டு வருஷம் கேட்டவர் அல்லவா. முடித்ததும் ஊற்றினேன். பேரிங் கண்ணாடி மாதிரி வந்தது.

இளைய பிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருகியது என்று தெரிந்த ஈயத்தை யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள்.

மறுநாள் முதல் கிரேடு பாரத்தை நிரப்பும்போது கிராணி நிமிராமலே கேட்டார், "முன்னே என்ன வேலை?"

"கூலி" என்றேன், பட்டறைக்கே கேட்கும்படி.