பூஜ்யம் வராத பட்டைகள்

என் அக்காவைப் பரிசோதனைக்கூடத்தில் ‘கைராசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் தொட்டால் கிழிந்துபோகிற படலம் அவள் கையில் மட்டும் கிழியாது. அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அதையும் விதி விட்டுவைக்கவில்லை.

எங்கள் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனவள். வயிறு உப்பியிருந்தது, வாயுக்கோளாறு என்று நினைத்தோம். விஷயம் தெரிந்தபோது வெள்ளம் தலைக்குமேல் போய்விட்டது. அதன்பிறகு அக்கா மருந்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, அந்த நோயை முளையிலேயே காட்டிக்கொடுக்கிற சோதனைப் பட்டை செய்யும் இடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். “நம்ம உடம்புல ஓடறதும் அம்மா ரத்தம்தானேடா. எனக்கோ உன் பொண்ணுக்கோ வந்தா முன்கூட்டியே தெரியணும்” என்றாள். அவள் வாழ்ந்தது அதற்காகத்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், “படலம் காயட்டும், பேசலாம்” என்பாள். அது காய்ந்தபாடில்லை.

நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அந்தக் கூடத்தின் ஃபிரிட்ஜும் என் கைக்கு வருவதால் அவள் வேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதுகூட அதிகப்படி. பென்சில் கரியை அடுக்கடுக்காகப் பிரித்து ஒரே ஓர் அடுக்கை மட்டும் எடுத்தால் அதுதான் கிராபீனாம். செப்புத் தகட்டில் அதை வளர்த்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூசி, செம்பைக் கரைத்துவிடுவார்கள். மிச்சம் தண்ணீரில் மிதக்கும். அடியிலிருந்து பட்டையை விட்டு அதை அலுங்காமல் ஏந்த வேண்டும். எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. “எங்கேக்கா இருக்கு?” என்றேன். “மூச்சை அடக்கிட்டுப் பாரு, உன் மூச்சுலயே மடிஞ்சிடும்” என்றாள்.

பிறகு பிளாஸ்டிக்கைக் கழுவி நீக்கி, நோயின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்கிற மருந்தை மேலே ஒட்டுவார்கள். ஒரு சொட்டு ரத்தநீர் விட்டால் மின்னோட்டம் மாறும், கருவியில் எண் வரும். நோயாளிக்கு எண் ஏற வேண்டும், நல்ல உடம்புக்காரருக்குப் பூஜ்யம் வர வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அந்த நல்ல உடம்புக்காரர் யார் என்பதில்தான் வந்தது வினை. வெளியிலிருந்து ரத்தம் வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் கூடத்தில் இருக்கிற யாராவது கையை நீட்டுவது அங்கே வழக்கம். அக்கா சேர்ந்த புதிதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து அவள் ரத்தம்தான் அங்கே ‘நல்ல ரத்தம்’.

முதலில் பூஜ்யம் வந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் வரவில்லை. உப்புத்தண்ணீர் விட்டால் பூஜ்யம், அக்காவின் ரத்தம் விட்டால் எண் ஏறியது. அவளுடைய மேலதிகாரிக்கு ‘ஜீரோ சார்’ என்று பட்டப்பெயர். காலையில் வணக்கத்துக்குப் பதில் “ஜீரோ வந்துச்சாம்மா?” என்பார். பச்சைப்பிள்ளையிடம்கூட அதிர்ந்து பேசாத மனுஷர். “பிளாஸ்டிக் மிச்சம் இருக்கும்மா. ரத்தத்துல இருக்கற கண்டதும் அதுல போய் ஒட்டுது” என்றார். அக்கா நம்பினாள். தன் கைமேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். இன்னும் சூடான திரவத்தில் கழுவினாள், இன்னும் நேரம் ஊறவைத்தாள். எண் இறங்கவில்லை, நாளாக ஆக ஏறியது. தட்டுத் தட்டாகப் பட்டைகளைக் குப்பையில் கொட்டினாள். “என் கைராசி போயிடுச்சுடா” என்று என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. கவலையில் என்று நினைத்தோம்.

கால் சுளுக்கி அவள் லீவில் கிடந்தபோது, கூடத்தில் கணக்குப் பார்க்கிற பெண் ரத்தத்துக்குக் கையை நீட்டினாள். அக்கா திரும்பி வந்த அன்றைக்கு நானும் அங்கே கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேஜையில் கேக். ஜீரோ சாருக்கு வாயெல்லாம் பல்.

“ஜீரோ வந்துருச்சும்மா. சுத்தமான ஜீரோ. நீங்க லீவுக்கு முன்னாடி செஞ்சு வச்ச பட்டைதான்.”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “யார் ரத்தம் சார்?” என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அவள் கேக் வெட்டக் கொடுத்த கத்தியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் பக்கம் வந்தாள். “கொஞ்சம் தள்ளிக்கடா” என்று தன் ரத்தம் இருந்த குப்பியை எடுத்தாள். ஒரே தட்டிலிருந்து இரண்டு பட்டைகள். ஒன்றில் அந்தப் பெண்ணுடையது, பூஜ்யம். இன்னொன்றில் தன்னுடையது. எண் ஏறியது, நிற்காமல் ஏறியது. ஜீரோ சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கேக்கை யாரும் வெட்டவில்லை.

ஸ்கேனில் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. “ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்” என்றார் டாக்டர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேஜையைப் புரட்டியிருப்பேன். அந்த ஒரு வருஷமும் அவள் தன் கையால் செய்த பட்டையில் தன் ரத்தத்தைத்தான் விட்டுக்கொண்டிருந்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. யாரைத் திட்டுவது? மீட்டர் கோளாறாகக் காட்டினால் நானும் முதலில் மீட்டரைத்தான் தட்டுவேன்.

ஜீரோ சார் வீட்டுக்கு வந்து அழுதார். பட்டை வேலை செய்கிறது என்பதற்கு அக்காவைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனால் படலத்தை ஏந்த ஆளில்லை. புதிதாக வந்தவர்கள் கிழித்துக் கிழித்துப் பார்த்தார்கள். மேலிடம் பொறுமை இழந்து திட்டத்தையே மூடிவிட்டது. என் மகளுக்கு என்று ஒரு பட்டைகூட மிச்சமில்லை.

அக்கா இப்போது எங்கள் வீட்டு உள்ளறையில் படுத்திருக்கிறாள். கைகள் மட்டும் இன்னும் நடுங்குவதில்லை. நேற்று கஞ்சி கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் குப்பையில போட்டேன்ல, அதுல ஒண்ணுகூடப் பொய் சொல்லலடா.”

“விடுக்கா.”

“அது சொல்லிட்டே இருந்துச்சு. நான் கழுவிட்டே இருந்தேன்.”

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடி என்று கெஞ்சினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.