அலைத் தரையில் ஒரு கதிரை

எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்னிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் போனோம். அங்கே என் மனைவியின் தமையன் வீட்டுக் கல்யாணம். வழியில் கப்பல் லிஸ்பனில் ஒரு பகல் நின்றது. நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மனைவி மெல்பேர்ன் மருத்துவமனை ஒன்றில் நேர்ஸ். எனக்கு அங்கேயே துணி வெளுக்கும் பகுதியில் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடையிலும் பஸ்ஸிலும் எனக்காகப் பேசுவது அவள்தான். நான் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ரோசியோ என்ற பழைய சதுக்கத்துக்குப் போனோம். நடுவில் உயரமான தூண், அதன்மேல் ஓர் அரசன். தரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கற்களை அலை அலையாகப் பதித்திருந்தார்கள். தட்டையான தரைதான், ஆனால் பார்த்தால் அசைந்தது.

“இஞ்சாருங்கோ, கப்பலாலை இறங்கியும் கடல் விடுகுதில்லை” என்று சிரித்தாள்.

நாலு அடி வைத்ததும் சிரிப்பு நின்றது. “தலை சுத்துது” என்றவள் என்மேல் சாய்ந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் விழுந்தாள். இருதயம் பலவீனம் என்று ஒரு கிழமை கட்டிலில் வைத்திருந்தார்கள்.

கடவுச்சீட்டும் டிக்கெட்டும் அவள் கைப்பையில் இருந்தன. கப்பலின் பெயரைக்கூட எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. இவள் கண் திறக்காவிட்டால் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்?

“வாட்டர்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு கிழவர் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவள் கால்கள் மடிந்தன. எதிரே ஒரு கோப்பிக்கடை வாசலில் பரிமாறுகிறவர் நின்றார். தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லும் மறந்துபோயிற்று.

“கதிரை! கதிரை!”

வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை.

“கதேய்ரா?” என்று கேட்ட அந்த மனிதர், ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவளை அதில் இருத்தினோம். சீனி கரைத்த தண்ணீரும் கொண்டுவந்தார்.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். தன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பயப்பிடாதேங்கோ, சரியா இருக்கு” என்றாள். பிறகு, “இவரிட்டை என்ன பாஷையிலை கதிரை கேட்டனீங்கள்?”

“தமிழிலை.”

“கதிரை அவையின்ர சொல்லப்பா! எங்கட ஊரை ஆண்ட போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போனது. நீங்கள் வந்து திருப்பிக் கேட்டிருக்கிறியள்.”

அவளால் சிரிக்க முடிந்தது. நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். அலைகளை மிதிக்காமல் சதுக்கத்தின் ஓரமாகவே அவளை நடத்திக்கொண்டு துறைமுகம் வந்தேன்.

“கையை விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்” என்றாள்.

விடவில்லை. அவள் வைத்த இடத்திலேயே என் இரண்டு விரலையும் வைத்திருந்தேன். எத்தனை எண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியாது. துடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.