நாலு மில்லி மரம்

என் மச்சானுக்கு நான் எண்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். மரம் செதுக்குகிற கம்ப்யூட்டர் மெஷின் வாங்கக் கைமாற்றாகக் கொடுத்ததில் அது கடைசிப் பாக்கி. மச்சான் என் மனைவியின் அண்ணன். இரும்புக் கடை வைத்திருப்பவர். வட்டி கேட்டதில்லை. ஆனால் அடிக்கடி வந்து என் பட்டறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அசலைக் கண்ணாலேயே கேட்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்புத்தாள் தேய்க்கிற கூலியாகத் தொழிலுக்குள் நுழைந்து, உளி பிடித்து, பட்டறை போட்டு, ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். மெஷினோடு சொல்லிக்கொடுக்க வந்த ஆள், "இனிமே நீங்களே பாத்துக்குவீங்க" என்று பாதியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மரத்தில் புடைப்புச் சித்திரம் வெட்டுவதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்கு முன்னால் ஒருவரும் நின்றதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்?

புடைப்பு வேலையில் எல்லாமே ஆழம்தான். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், எந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு ஜீரோ என்று பேர். பலகையின் மூலையில், சுழன்று வெட்டுகிற பிட்டின் நுனியைத் தொட வைத்து, 'இதுதான் ஜீரோ' என்று பொத்தானை அழுத்தினால், மெஷின் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். பலகை நடுவில் மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்ற கவலை அதற்குக் கிடையாது. கவலைப்படுவதற்குத்தான் நான் இருக்கிறேன்.

அந்தச் சமயம் பல் டாக்டரம்மா ஒருவர் ஒரு பலகை கொண்டுவந்தார். அவருடைய அப்பா வீட்டில் நின்ற மரம் புயலில் சாய்ந்துவிட்டதாம். அறுத்ததில் உருப்படியாகத் தேறியது அந்த ஒரு பலகைதான். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடத்துக்கும் அவர் அறைக்கும் நடுவே தடுப்பாக நிற்க வேண்டும். வெளிப்பக்கம் ஓடுகிற குதிரை, உள்பக்கம் சாய்ந்துபோன அந்த மரமே.

"ஆழமா இருக்கணுங்க. விரல் வச்சா விரல் உள்ள போகணும்," என்றார். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் ஆழம் பார்க்கிறவரிடம் மேலோட்டமாகக் கீறிக் கொடுத்து ஏமாற்ற முடியுமா?

பலகை நாற்பது மில்லி கனம். குதிரைப் பக்கம் இருபது, மரத்துப் பக்கம் பதினாறு என்று வைத்தேன். குதிரையின் வயிற்றுக்கு அடியில் விழுகிற பள்ளமும், மறுபக்கம் கிளைக்கு அடியில் விழுகிற பள்ளமும் ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நின்றன. கணக்குப்படி அந்த இடத்தில் நாலு மில்லி மரம் மிஞ்சும். போதும்.

பேசிய கூலி மச்சான் பாக்கியை அடைத்து, வீட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சுகிற தொகை. பலகையை எடுக்க அவர் வருகிற வியாழக்கிழமை பணம் வந்துவிடும் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "நல்லது மாப்ளே. ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் மெஷினைப் பாக்க ஒரு பார்ட்டி வராரு. பணம் வந்துட்டா அவருக்கு காப்பி குடுத்து அனுப்பிடலாம். வரலேன்னா மெஷினைக் குடுத்து அனுப்பிடலாம்," என்றார். கடைக்குச் சரக்கு எடுக்க வழியில்லாமல் அவரும் பண முடையில் இருந்தார். குற்றம் சொல்ல முடியாது.

புதன்கிழமை குதிரை முடிந்தது. அன்று மத்தியானம் நான் பிட் வாங்கப் போய்விட்டேன். வியாழன் காலை பலகையைக் குதிரைப் பக்கம் கீழாகத் திருப்பி மேஜைமேல் போட்டேன். மூலையில் ஜீரோ வைக்கக் குனிந்தபோது பலகையின் முனைக்கு அடியில், நடுவில், வெளிச்சம் தெரிந்தது.

விரல் முட்டியால் நடுவில் தட்டினேன். உள்ளே காலியாக இருக்கிற சத்தம். பலகை ஆமை முதுகுபோல மேலே வளைந்திருந்தது. இடைவெளியை அளந்தேன். சரியாக நாலு மில்லி.

மூலையில் ஜீரோ வைத்தால், மேடாகிவிட்ட நடுவில் பிட் நாலு மில்லி கூடுதலாக இறங்கும். குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஓட்டை விழும். நடுவில் ஜீரோ வைத்தாலோ ஓரத்து இலைகளைப் பிட் தொடவே தொடாது. கிளாம்ப் போட்டு அமுக்கினால் மெலிந்த இடத்தில் விரிசல் விடும். வேறு பலகை அறுக்க அந்த மரத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

"நேத்து நான் போறப்போ இது நேராத்தானே இருந்துச்சு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நேத்து அண்ணன் வந்தப்போ எடுத்து வச்சாரு. நாற்காலி போட இடமில்லையாம். போறப்போ பழைய இடத்துலயே வச்சுட்டுப் போனாரு."

"எங்க வச்சாரு?"

அவள் மேற்கு ஜன்னலைக் காட்டினாள். புதிதாகச் செதுக்கிய முகத்தைச் சாயங்கால வெயிலுக்குக் காட்டி நிறுத்தியிருக்கிறார். செதுக்கிய பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கி, பலகையை இழுத்துவிட்டது.

மச்சான் வந்ததும் வராததுமாகச் சொன்னேன்.

"தூசியா இருந்துச்சு மாப்ளே, காயட்டும்னு வச்சேன்," என்றார். "நம்ம கடையில கம்பியெல்லாம் வருஷக்கணக்கா வெயில்லதான் கிடக்கு. எதுவும் வளையல."

"அது கம்பி மச்சான். இது மரம்."

"செத்த மரந்தானே?"

"நீங்க வச்ச இடத்துல உசிரு வந்துருச்சு," என்றாள் என் மனைவி. "உங்க பணத்தை நீங்களே வெயில்ல காயப் போட்டிருக்கீங்கண்ணே."

அவர் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்காரவில்லை. "இப்ப என்ன செய்யறது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"குதிரைப் பக்கம் ஈரச் சாக்கு போட்டு மூடணும். தண்ணி குடிச்சா மரம் திரும்பி வரும். நாளைக்குக் காலையில தெரியும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா உங்க பார்ட்டிக்கு மெஷினைக் குடுங்க. டாக்டரம்மா கால்ல நான் விழறேன்."

மச்சான் வெளியே போய்ப் போனில் பேசினார். பார்ட்டியிடம் ஏதோ பொய் சொன்னார், என்ன பொய் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஒரு நாள் தள்ளி வரச் சொன்னேன். அன்று முழுக்கச் சாக்கு காயக் காய நனைத்தோம். தண்ணீர் கூடினால் பலகை மறுபக்கம் வளையும், குறைந்தால் அசையாது. மச்சான் கடையைப் பூட்டிவிட்டு வாளியோடு நின்றார். சோறு எனக்கு இறங்கவில்லை. அவருக்கு இறங்கியது.

காலையில் சாக்கை எடுத்துப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு அளந்தேன். மேடு ஒரு மில்லி மட்டும் நின்றது. இன்னும் நனைக்கப் பயமாக இருந்தது. நடுவில் மூன்று மில்லி மரம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். பிட் அழுத்தும்போது பலகை அதிராமல் இருக்க, அந்த இடைவெளியில் அட்டையைச் செருகினேன். மூலையில் ஜீரோ வைத்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு முறை வைத்தேன்.

மெஷின் ஓரத்து இலைகளை முடித்துக்கொண்டு கிளைக்கு அடியில் வந்தது. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான்மேல் என் உள்ளங்கை. கனமான மரத்தில் பிட் முனகும், மெலிந்த மரத்தில் கீச்சிடும். சத்தம் ஏறிக்கொண்டே போனது. மச்சான் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மனைவி அவர் தோளை அழுத்தினாள். கீச்சென்று ஏறிய சத்தம், ஏறிய இடத்திலேயே நின்று, மெல்ல இறங்கியது.

தூசியை ஊதிவிட்டுப் பலகையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. மச்சான் இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கச் சொன்னார். கை வலித்தும் தூக்கினேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். வந்ததும் கிளைக்கு அடியில் விரலை விட்டார். மறுகையால் குதிரையின் வயிற்றுக்கு அடியில் தொட்டார். இரண்டு விரலுக்கும் நடுவில் இருப்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

"ரொம்ப மெல்லிசா இருக்கே. உடையாதா?"

"இடிச்சா உடையும். தொட்டா உடையாது," என்றேன். "ரெண்டு பக்கமும் ஆழம் கேட்டீங்க, அதுக்கு இதுதான் எல்லை. இதுக்கு மேல ஒரு மில்லி போயிருந்தாலும் நானே காசு வாங்கியிருக்க மாட்டேன். வெயில் படாத இடமா வச்சுக்குங்க."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். பேசிய தொகையை அப்படியே கொடுத்துவிட்டுப் பலகையைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

"இங்க வாங்க மச்சான்," என்றேன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் மாப்ளே."

"கையை நீட்டுங்க."

தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த உள்ளங்கையை நீட்டினார். எச்சில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக, அவர் வாய்க்குள் எண்ணுவதற்குக் காத்திருந்து, எண்பதாயிரத்தையும் அதில் வைத்தேன்.